ஐந்தாவது ஆள்

அந்தத் தெருவில் ஒவ்வொரு லாண்டரியிலும் ஒரு நோயாளி உண்டு. கொதிகலனுக்குப் பக்கத்தில் ஒரு கட்டில், அதன்மேல் ஒரு கம்பளி. வரி ஆபீஸ் ஜீப் தெருமுனையில் திரும்பியதும் முதல் கடைக்காரர் விசில் அடிப்பார். உடனே கடைக்கு ஒரு ஆள் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கம்பளிக்குள் சுருண்டுகொள்ளும். ஜீப் போனதும் எழுந்து வந்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரும். ஒரு கடையில் மாமியார், ஒரு கடையில் ஒன்றுவிட்ட அண்ணன், எதிர்க்கடையில் சித்தி. தெருவின் நடுவில் இருந்த கடையில் அக்கா.

அக்கா என்றால் கடைக்காரருக்கு உடன்பிறந்த அக்கா. தெருவுக்கே அவள் அக்காதான்.

எல்லாம் வரியால் வந்தது. நாலு பேர் வரைக்கும் வேலை பார்த்தால் அது குடும்பத் தொழில். அஞ்சாவது ஆள் கால் வைத்தால் தொழிற்சாலை. தொழிற்சாலைக்கு வரி மூன்று பங்கு. துணியைக் கல்லில் அடித்துத் துவைத்த காலத்தில் யாரோ எழுதி வைத்த சட்டம் அது. அப்புறம் மெஷின் வந்தது, துணி தேய்க்கிற ரோலர் வந்தது, ஆஸ்பத்திரியும் லாட்ஜும் மலைமலையாக பெட்ஷீட் அனுப்ப ஆரம்பித்தன. ரோலருக்கு முன்னால் நின்று ஈர பெட்ஷீட்டை ஊட்ட ரெண்டு பேர் வேண்டும். அந்தப் பக்கம் சுடச்சுட வருவதைப் பிடித்து மடிக்க ரெண்டு பேர். துவைக்கிற மெஷினையும் கொதிகலனையும் பார்த்துக்கொள்ள ஒருத்தர். எப்படிக் கூட்டினாலும் அஞ்சுதான் வந்தது. இது அரசாங்கத்துக்குத் தெரியாமல் இல்லை. தேர்தலுக்கு முன்னால் எல்லாக் கட்சிக்கும் இந்தக் கணக்கு நன்றாகவே வரும். ஜெயித்த பிறகு மறந்துவிடும்.

மழைக்காலம் அது. வெளியே எதுவும் காயவில்லை. உள்ளே நீராவியில் சுவரெல்லாம் வியர்த்து வழிந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு டப்பாக்களை நீராவிக் குழாயின்மேல் வரிசையாக வைத்துவிடுவார்கள், மத்தியானத்துக்குள் சூடாகிவிடும். எதைத் தின்றாலும் லேசாக சோப்பு வாசனை அடிக்கும்.

"இன்னிக்கு என்ன சாப்பாடு?" என்று கேட்டார் கடைக்காரர்.

"மந்திரி ரேடியோல சொன்னதுதான்," என்றாள் அவர் மனைவி.

"என்ன சொன்னாரு?"

"பரிசீலனை. தொட்டுக்க வெங்காயம்."

நெட்டை சிரித்தான். கொதிகலனைப் பார்த்துக்கொள்கிறவன் அவன். கடையில் கூலிக்கு இருந்த ஒரே ஆள். மற்றவர்கள் கடைக்காரர், மனைவி, மகள், அப்புறம் அக்கா.

அக்காவுக்குக் கூலி கிடையாது. சொந்தக் கடையில் யாராவது கூலி வாங்குவார்களா? கல்யாணமும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று யாராவது கேட்டால், "அதுக்கெல்லாம் எங்க நேரம் இருந்துச்சு" என்பார் தம்பி, நேரம் கிடைக்காமல் போனது ஏதோ அவருக்குத்தான் என்பதுபோல. மாடியில் வீடு. ரெண்டே அறை. அதனால் நோயாளிக் கட்டிலிலேயேதான் அக்கா ராத்திரி படுப்பாள். "கொதிகலன் பக்கம் கதகதன்னு இருக்கு, நமக்கெல்லாம் அந்தக் கொடுப்பினை இல்ல" என்பாள் தம்பி பெண்டாட்டி.

எதிர்க்கடைக்காரர் பேப்பரைத் தலைக்குமேல் பிடித்தபடி மழையில் ஓடி வந்தார். லாண்டரிச் சங்கத்துக்குச் செயலாளர் அவர். தெருவில் அவருக்குப் பெயரே சங்கம்தான்.

"பாத்தீங்களா? இந்தக் கூட்டத்தொடர்லயும் இல்லையாம். குழு போடறானாம், குழு! போன குழு குடுத்த அறிக்கை எங்கடான்னு கேட்டா, அதை ஆராயறதுக்குத்தான் இந்தக் குழுவாம்!"

"உக்காருங்க சங்கம். ரொட்டி சாப்பிடறீங்களா?"

"ரத்தம் கொதிக்குது, ரொட்டி எங்க இறங்கும்? ஒண்ணே ஒண்ணு குடுங்க." வாங்கிக்கொண்டார். "துணி துவைக்கறவன்னா அவ்வளவு இளப்பமா? மந்திரி படுக்கற பெட்ஷீட்டை யாரு துவைக்கறா?"

"நம்ம தெருவுல இல்ல," என்றாள் அக்கா. அவள் நின்றபடியேதான் சாப்பிடுவாள். "அவர் வீட்டுல தனியா ஆள் இருக்கு. எத்தனை ஆள்னு யாரும் எண்ண மாட்டாங்க."

"அதை அப்படியே மேடையில சொல்லுங்கக்கா!"

"நான் எப்படிச் சொல்றது? நான்தான் படுத்த படுக்கையா இருக்கேனே."

எல்லோரும் சிரித்தார்கள். சங்கத்துக்குத் தொண்டையில் ரொட்டி சிக்கிவிட்டது.

போராட்டம் அவர் யோசனைதான். ஒரு நாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அழுக்கு பெட்ஷீட்டுகளைத் துவைக்காமல் கொண்டுபோய் வரி ஆபீஸ் சுற்றுச்சுவர் முழுக்கத் தொங்கவிட்டார்கள். ரத்தக் கறை, மருந்துக் கறை, பேர் சொல்ல முடியாத கறை. லாண்டரிக்காரர்கள் மட்டும் வரவில்லை. தையல் கடைக்காரர், டயர் ஒட்டுகிறவர், ரொட்டி சுடுகிறவர் எல்லோரும் வந்தார்கள். அவர்களுக்கும் அதே நாலுதானே. ரொட்டிக்காரர் தன் மச்சானை மாவு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து ஒளித்து, அவனுக்கு இருமலே வந்துவிட்டதாம். "நாலை எட்டாக்கு! நாட்டைக் கொஞ்சம் நடக்க விடு!" என்று கோஷம் எழுந்தது. பஸ்ஸில் போனவர்கள்கூட ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டினார்கள். மாடியில் ஆபீஸர்கள் டீ கிளாஸோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கட்டிலெல்லாம் வெறும் ரப்பர் விரிப்பாக இருக்கிறது, சாயங்காலத்துக்குள் பெட்ஷீட் வராவிட்டால் வேலையை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். தொங்கவிட்டவர்களே அவிழ்த்தார்கள். மழையில் ஊறி ரெட்டைப் பாரமாகியிருந்தது. அன்றைக்குத் தெருவில் எந்த ரோலரும் நிற்கவில்லை.

மந்திரி பதில் சொன்னார். ஒளிக்க ஒன்றும் இல்லாதவர்கள் பெட்ஷீட்டுக்குப் பின்னால் ஒளிய வேண்டியதில்லை என்றார். சட்டத்தை மாற்ற முடியாத அரசாங்கத்துக்குப் புது உத்தரவு போட மட்டும் ஒரு வாரம் பிடிக்கவில்லை. இனி ஜீப் கிடையாது. ஆபீஸர் நடந்தே வருவார். கட்டில் கதையும் செல்லாது. கடைக்குள் யார் இருந்தாலும் ஆள்தான். வேலைக்கு லாயக்கில்லாத ஆள் என்றால், ஆபீஸரே நேரில் சோதித்துச் சான்று கொடுக்க வேண்டும், கொடுத்தால் கணக்கில் சேராது.

"போராடினோம், வெற்றி!" என்றான் நெட்டை. "முன்ன படுத்தா போதும். இப்ப பரீட்சை எழுதணும்."

"நீ வாயை மூடு," என்றாள் கடைக்காரர் மனைவி. "யாருக்குச் சான்று வாங்கறதுன்னு பாக்கணும்."

"என்னை எழுதிடுங்கம்மா. எனக்கு வயித்துவலி உண்டு."

"உனக்கு வயித்துவலி வர்றது வேலை வர்றப்ப மட்டும்தான். அண்ணிதான் சரி. வயசும் ஆச்சு."

அக்கா ரோலரின் பின்பக்கம் மகளோடு மடித்துக்கொண்டிருந்தாள். "எனக்கு என்ன வியாதி?"

"புத்தி."

"எத்தனை பெட்ஷீட் வந்துச்சு, எத்தனை போச்சுன்னு உன் புருஷன் என்னைத்தான் கேக்கறான்."

"அதையெல்லாம் ஆபீஸர் முன்னாடி சொல்லக் கூடாது, அண்ணி. சும்மா உக்காந்திருந்தா போதும். சும்மா இருக்கறதுகூடவா கஷ்டம்?"

கஷ்டம்தான். தையல் கடையில் என்ன நடந்தது என்ற செய்தி அதற்குள் தெருவுக்கு வந்துவிட்டது. ஆபீஸர் இளவயசுக்காரராம், குரலே உயர்த்த மாட்டாராம். தையல்காரரின் அம்மாவுக்குக் கண் தெரியாது என்று சொல்லியிருந்தார்கள். அவர் அந்த அம்மா கையில் ஊசியையும் நூலையும் கொடுத்து, வீட்டுக் கதை எதையோ பேச்சுக்கொடுத்தாராம். அந்த அம்மா பேசிக்கொண்டே கோத்துக் கொடுத்துவிட்டாளாம். "அஞ்சு" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

"நம்ம கடையில என்ன குடுப்பாரு? பெட்ஷீட்டைத்தான் குடுப்பாரு," என்றாள் மனைவி. "அண்ணி, இங்க வாங்க."

பெட்ஷீட் மடிப்பது ரெண்டு பேர் வேலை. ஆளுக்கு ரெண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு விறைப்பாகும்வரை பின்னால் போக வேண்டும். ஒரு உதறு. மூலையோடு மூலை சேர்த்து எதிரும் புதிருமாக நடந்து வந்து, ஒருத்தர் தன் மூலைகளை மற்றவர் கையில் கொடுத்துவிட்டு, கீழே தொங்கும் மடிப்பை எடுத்துக்கொண்டு மறுபடி பின்னால் போக வேண்டும். அத்தனை வருஷமாக இதைச் செய்த கைக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது துணியை நீட்டினால் விரல்கள் தாமாகப் போய் மூலையைக் கவ்விக்கொள்ளும். அக்கா தூக்கத்தில்கூடக் கம்பளியின் மூலையைப் பிடித்தபடிதான் படுத்திருப்பாள்.

மனைவி மூலைகளை நீட்டினாள். அக்கா பிடித்துவிட்டாள்.

"விடுங்க."

அக்கா விட்டாள்.

"மறுபடி. பிடிக்கக் கூடாது."

பிடித்துவிட்டாள். மனைவி ஈரத் துண்டை முறுக்கி மணிக்கட்டில் ஒரு அடி வைத்தாள். விளையாட்டுப் போலத்தான். மகள் சிரித்தாள்.

"என்னடி இது, நாய்க்குட்டிக்குப் பழக்கற மாதிரி," என்றாள் அக்கா, சிரிப்பும் இல்லாமல் கோபமும் இல்லாமல்.

"மாதிரி என்ன அத்தை? நாய்க்குட்டி இதுக்குள்ள கத்துக்கிட்டிருக்கும்," என்றாள் மகள். "இருங்க, நான்தான் ஆபீஸர். அம்மா, இதைக் கொஞ்சம் பிடிங்கம்மா!"

பிடித்துவிட்டாள். இந்த முறை அடி கொஞ்சம் பலமாகவே விழுந்தது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் இது நடந்தது. சாப்பாடு குழாய்மேல் ஆறாமல் காத்திருக்கும். பிடிக்காமல் விட்ட பிறகுதான் அக்காவுக்கு டப்பாவைத் திறப்பாள் மனைவி. "நானும்தானே சாப்பிடாம நிக்கறேன், உங்களுக்காக" என்பாள். அக்காவின் மணிக்கட்டுகள் ரெண்டும் சிவந்து தடித்துப்போயின. கடைக்காரர் அந்த நேரம் பார்த்துக் கொதிகலனில் ஏதோ வால்வை இறுக்கிக்கொண்டிருப்பார். இறுக்க வேண்டியது ஒன்றும் இல்லை என்று நெட்டைக்குத் தெரியும்.

ஒரு நாள் அக்கா அங்கே போய் நின்றாள்.

"தம்பி."

"என்னக்கா?"

"இத்தனை வருஷத்துல என்னை ஒரு ஆளுன்னு சொன்னது அந்தச் சட்டம் மட்டும்தான்டா."

"அப்படிச் சொல்லாதக்கா. நீ இல்லேன்னா கடையே இல்ல."

"அப்ப எழுதட்டுமே."

"எழுதினாலும் கடை இல்லக்கா," என்றார். சொல்லும்போது வால்வைத்தான் பார்த்தார். "கொஞ்ச நாள் பொறுத்துக்க. சட்டத்தை மாத்தப் போறாங்க."

"யாரு?"

நெட்டைதான் சொன்னான், "குழு."

கடைசியில் கை கற்றுக்கொண்டது. துணியை நீட்டினால் விரல்கள் லேசாகத் துடிக்கும், அவ்வளவுதான். துணி வழுக்கிக் கீழே விழும்.

ஆபீஸர் வந்த அன்றைக்கும் மழைதான். குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். யாரும் கழற்றச் சொல்லவில்லை. அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முடியைக் கலைத்து, ஜாக்கெட்டில் ஒரு கொக்கியை மாற்றிப் போட்டு உட்காரவைத்திருந்தார்கள்.

"உக்காருங்க சார். டீ?"

"வேண்டாம். தெருவுல எல்லாக் கடையிலும் குடுத்துட்டாங்க." அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "எல்லாரும் என்னைத் திட்டறீங்கன்னு தெரியும். நானும் எழுதி எழுதித்தான் அனுப்பறேன், நாலு போதாதுன்னு. மேல கேக்க மாட்டேங்கறாங்க. எனக்குக் குடுத்த வேலை எண்ணறது. எண்ணலேன்னா என் இடத்துல வேற ஒருத்தன் வந்து எண்ணுவான்."

"அய்யோ, உங்களை யாரு சார் திட்டறது," என்றாள் மனைவி.

ஆபீஸர் அக்காவைப் பார்த்தார். "கண்ணா, கையா, புத்தியா?"

"புத்தி சார்."

"எவ்வளவு நாளா?"

"பொறந்ததுலேர்ந்தே," என்றாள் மனைவி. கடைக்காரருக்கு இருமல் வந்தது.

ஆபீஸர் எழுந்து, ரோலர் பக்கத்திலிருந்து ஒரு பெட்ஷீட்டை எடுத்து, ரெண்டு மூலையைத் தான் பிடித்துக்கொண்டு மறு ரெண்டு மூலையை அக்காவிடம் நீட்டினார். "அம்மா, மழை விடுமான்னு நினைக்கறீங்க?" என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

அக்காவின் விரல்கள் துடித்தன. துணி அவள் மடியில் பட்டு வழுக்கி, ஈரத் தரையில் விழுந்தது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

ஆபீஸர் தன் கையிலிருந்த மூலைகளையும் விட்டார். அப்புறம் தலையை ஆட்டிக்கொண்டு ஸ்டூலுக்குத் திரும்பிப் பேனாவை எடுத்தார். "சரி. எழுதிடறேன்."

அந்த இடத்தில் வாயை மூடியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் பரீட்சையில் தேறிய சந்தோஷத்தில் மனைவிக்கு வாய் நிற்கவில்லை.

"புண்ணியமா போகும் சார். நாங்க படற பாடு உங்களுக்குத் தெரியாது. ஊட்டி விட்டாத்தான் சாப்பிடும். ஒண்ணுக்கு ரெண்டுக்குக்கூடச் சொல்லத் தெரியாது. கட்டில்லயே போயிடும். ஆஸ்பத்திரித் துணின்னு நினைக்கறீங்களா, இதுல பாதி அதுக்கு விரிக்கறதுதான். ராத்திரி பகலா நான்தான் அள்ளிக் கொட்டறேன்."

காலையில் அண்ணியாக இருந்தவள் இப்போது 'அது' ஆகிவிட்டாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். ஆபீஸர் தலை நிமிராமல், "பாவம்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

அக்கா எழுந்தாள். மாற்றிப் போட்டிருந்த கொக்கியைச் சரியாகப் போட்டுக்கொண்டாள். குனிந்து தரையில் கிடந்த பெட்ஷீட்டை எடுத்தாள்.

"அந்த மூலையைப் பிடிங்க சார்."

ஆபீஸர் நிமிர்ந்தார்.

"அக்கா," என்றார் கடைக்காரர்.

"பிடிங்க சார், ஈரமா இருக்கு. ரெண்டு கையாலயும். ம், பின்னால போங்க. இன்னும். ஸ்டூல் இருக்கு, பாத்து. இப்ப உதறணும். நீங்க அடிக்கறப்ப நானும் அடிப்பேன். பலமா. சாப்பிட்டீங்களா இல்லையா?"

அவர் உதறினார். நீர்த்துளிகள் மனைவியின் முகத்தில் தெறித்தன.

"மூலையோட மூலை. இப்ப நடந்து வாங்க. என் கையில குடுங்க. கீழ தொங்குது பாருங்க, அதை எடுத்துக்கிட்டு மறுபடி போங்க. சரியா செய்யறீங்க. வீட்டுல மடிப்பீங்களா?"

"எங்கம்மாகூட," என்றார் அவர், சொல்லக்கூடாததைச் சொன்னவர்போல.

கடைசி மடிப்பு முடிந்து சதுரமாக வந்ததை அக்கா ஒரு தட்டுத் தட்டி அவர் கையில் வைத்தாள்.

"இது ஆஸ்பத்திரி பெட்ஷீட். நான் படுக்கற இடத்துல இருக்கறது கம்பளி. அதை நானேதான் துவைச்சுக்கறேன். வேணும்னா மோந்து பாருங்க."

ஆபீஸர் மடிப்பைக் கையில் வைத்தபடியே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எழுதிக்குங்க சார். அஞ்சு."

"அம்மா," என்றார் அவர், மெதுவாக. "இப்ப நான் பாக்காத மாதிரி இருக்க முடியாது."

"பாருங்கன்னுதான் சொல்றேன்."

எழுதியதை அடித்தார். "என்ன வேலைன்னு எழுதறது?"

"பிடிச்சு மடிக்கறது."

அவர் குடையை எடுத்துக்கொண்டு போனதும் மனைவி முகத்தில் அறைந்துகொண்டு அழுதாள். "குடி கெடுத்துட்டாளே! என் பொண்ணைக் கட்டிக் குடுக்கணும்னு நினைச்சாளா? பாவி, ஒரு வார்த்தை பொறுக்க முடியலையா உனக்கு? ஒரு வார்த்தைதானே சொன்னேன்!" அக்கா ரோலருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். மடிக்காத பெட்ஷீட்டுகள் காத்துக்கொண்டிருந்தன. எதிரில் மகள் வந்து நிற்கவில்லை. அக்கா தனியாகவே பிடித்தாள். அன்றைக்கு மடிப்பெல்லாம் கோணல்.

மறுநாள் கடைக்காரர் வரி ஆபீஸுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பி வந்தார். தலை துவட்டவில்லை. நேராக அக்காவிடம் வந்தார்.

"மாசக் கடைசிக்குள்ள நாலா குறைச்சுக் காட்டினா தொழிற்சாலைன்னு போட மாட்டாங்களாம்."

"யாரைக் குறைக்கப் போற?"

நெட்டை கொதிகலன் பக்கம் நின்றபடி கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க ஒன்றும் இல்லை.

"நெட்டையை எடுத்தா கொதிகலனைத் தொட ஆள் இல்ல."

"சரி."

"பொண்டாட்டியையோ பொண்ணையோ எடுத்துட்டு நான் எங்க போறது?"

"சரி."

"அக்கா," என்றார். குரல் கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது. "அக்காவ வெளிய போன்னு எந்தத் தம்பியாலயும் சொல்ல முடியாது."

"சொல்லாத."

"ஆனா நீயே சொல்லி எழுத வெச்சுட்ட, வேலைக்காரின்னு. வேலைக்காரிய நிறுத்தலாம்க்கா. எல்லாக் கடையிலும் நிறுத்தறாங்க. அதுல தப்பு இல்ல."

அக்கா ஒரு முறை தலையை ஆட்டினாள். கணக்கு சரியாக இருக்கிறது என்பதுபோல.

"நான் இங்கயே கட்டில்ல கிடக்கேன். வேலைய தொடல."

"கடைக்குள்ள யாரு இருந்தாலும் ஆள்தான். உத்தரவு அப்படி."

"மாடியில?"

தம்பி தன் மனைவியைப் பார்த்தார். அவள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்துத் தெளிந்த முகம். "மாடியிலேர்ந்து கடைக்கு இறங்கக் கதவு இருக்குல்ல? கதவு இருந்தா வீடும் கடைதானாம். கேட்டுட்டுத்தான் வந்திருக்காரு." அப்புறம், "நாங்க என்ன பண்றது, அண்ணி. சட்டம் அப்படி இருக்கு" என்றாள். மறுபடி அண்ணி ஆகியிருந்தாள்.

"மாத்தினதும் வந்துடுக்கா," என்றார் தம்பி. "மாத்தின அன்னிக்கே நானே வந்து கூட்டிட்டு வரேன்."

மாற்று உடைகளையும் கம்பளியையும் ஒரு பையில் வைத்துக்கொண்டு அக்கா தெருவில் இறங்கினாள். யாரும் தடுக்கவில்லை. நெட்டை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தப்பித்துக்கொண்ட நிம்மதி முகத்தில் தெரிந்துவிடுமோ என்று பயம்.

தெருவில் அவளுக்கு ஏக மரியாதை. ஆபீஸரையே மடிக்க வைத்த கதை எல்லாக் கடைக்கும் போயிருந்தது. முதல் கடைக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார்.

"கலக்கிட்டீங்கக்கா! மந்திரி மூஞ்சியில அடிச்ச மாதிரி! என் பொண்டாட்டிகிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். டீ சொல்லவா?"

"வேலை இருக்கா?"

அவர் சிரிப்பு நின்றது. "உங்களை மாதிரி ஒரு ஆள் கிடைக்குமா? தங்கம் மாதிரி பாத்துப்பேன். ஆனா நீங்க வந்தா அஞ்சு ஆயிடுமே."

"உள்ள உங்க மாமியார்?"

"அவங்களுக்குச் சான்று கிடைக்கல. ஊருக்கு அனுப்பிட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "இப்ப நாங்க நாலு பேர் அஞ்சு பேர் வேலையைச் செய்யறோம். என் பொண்ணு நேத்து ரோலர்கிட்ட நின்னுகிட்டே தூங்கிட்டா."

அடுத்த கடையிலும் டீ சொன்னார்கள். அதற்கு அடுத்த கடையிலும். தையல் கடையில் கட்டிப்பிடித்து அழுதார்கள். ரொட்டிக்காரர் சூடாக ஒரு ரொட்டியைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்து, காசு வேண்டாம் என்றார். வேலை என்றதும் எல்லோருமே நாலு விரலைக் காட்டினார்கள். வெளியூருக்குப் போகலாம். ஆனால் சட்டம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

டயர்க்காரர் ரேடியோவில் மந்திரி பேசிக்கொண்டிருந்தார். அவசரப்பட்டு மாற்றினால் ஏழைகள்தான் பாதிக்கப்படுவார்கள் என்றார். டயர்க்காரர் ரேடியோவைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, "மன்னிச்சுக்குங்கக்கா" என்றார். "பரவாயில்ல, இன்னொண்ணு சொல்லுங்க" என்றாள் அக்கா.

இருட்டுவதற்குள் மறுபடி தன் தெருவுக்கே வந்துவிட்டாள். தம்பி கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. எதிர்க்கடையில் விளக்கு எரிந்தது.

"உள்ள வாங்கக்கா, நனையறீங்களே," என்றார் சங்கம். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ கொடுத்தார். மேஜைமேல் அடுத்த போராட்டத்துக்கான அட்டைகள் எழுதிக் கிடந்தன. "உங்க தம்பி செஞ்சது அநியாயம். கூட்டத்துல பேசத்தான் போறேன். உங்களை மேடையில நிறுத்தி, இதோ பாருங்க இந்த அம்மாவைன்னு கேக்கப் போறேன்."

"மேடை வேண்டாம். ராத்திரி படுக்க இடம் வேணும். வேலை வேணும்."

சங்கம் பெருமூச்சு விட்டார். உள்ளே திரும்பிப் பார்த்தார். கொதிகலன் பக்கத்தில் கட்டில் வெறுமனே கிடந்தது.

"சித்தி போய்ச் சேந்ததுலேர்ந்து அந்த இடம் காலிதான். நாலு பேரை வெச்சு என்னாலயும் முடியல. ஆஸ்பத்திரியில ரெண்டு தடவை திட்டிட்டாங்க. உங்களை வெச்சுக்க எனக்கு ஆசைதான்க்கா. சான்று வேணுமே."

"என்னை அந்த ஆபீஸரே முழு ஆள்னு எழுதிட்டாரு."

"அதான் சிக்கல். புத்தின்னு இனி சொல்ல முடியாது." அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். சட்டம் முழுக்க அவருக்கு மனப்பாடம், எத்தனை மேடையில் பேசியிருக்கிறார். "கை வழியா போகலாம். ரெண்டு விரல் இல்லேன்னா அரை ஆள்னு ஒரு பிரிவு இருக்கு. அரை ஆளை எண்ணிக்கையில சேக்க மாட்டாங்க. முன்ன முழுசா இருந்தாலும், நடுவுல ஏதாவது ஆயிட்டா மாத்தி எழுதித்தான் ஆகணும்."

"ரெண்டு விரல் இல்லாம மடிக்க முடியுமா?"

"மூணு மிச்சம் இருக்கும்ல? இன்னொரு கை முழுசா இருக்கு." சொன்னதும் அவருக்கே சங்கடமாக இருந்தது. "அக்கா, நான் சொல்லல. சட்டம் சொல்லுது. இந்தச் சட்டத்தை மாத்தச் சொல்லித்தானே நான் தொண்டை கிழியக் கத்தறேன்? மாத்திட்டாங்கன்னா உங்களுக்கு நல்ல கூலியே போட்டுத் தரேன். இப்போதைக்குச் சாப்பாடு, கட்டில். அரை ஆளுக்குக் கூலின்னு கணக்குல காட்டவும் முடியாது பாருங்க."

வெளியே மழை வலுத்தது. உள்ளே ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. ரெண்டு பேர் ஊட்ட, பின்பக்கம் ஒரே ஒருத்தன் பிடிக்க முடியாமல் பிடித்துக்கொண்டிருந்தான். பாதி பெட்ஷீட்டுகள் சூட்டோடு தரையில் குவிந்தன.

"டீ ஆறிடுச்சே, வேற போடச் சொல்லவா?" என்றார் சங்கம்.

அக்கா பையை இறக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். ஒரு சட்டையில் எந்தப் பக்கம் முதலில் தேய்க்க வேண்டும் என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"எந்தக் கை?"

சங்கம் ரோலரைப் பார்த்தார், பிடிக்கிற இடத்தைப் பார்த்தார், யோசித்தார்.

"இடது போதும்க்கா," என்றார்.